பிரேக்கில் வைத்த கால்

முட்டை அட்டையின் நாலாவது வரிசை, இரண்டாவது குழியில் அந்தக் கிளிப் கிடந்தது. மூணுதரம் அதைப் பார்த்தபோது பகல் பதினொன்றேகால் மணி. அக்கா பிக்கப்பை எடுத்துக்கொண்டு போய் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மூணுதரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஊர் வைத்தது. ஒரு நட்டை முடுக்கினால் மூன்று தரம் முடுக்கிப் பார்ப்பான். பட்டறைக் கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான். அவன் மனைவி கல்யாணத்துக்குச் சரி என்று சொன்னதைக்கூட மூன்று தரம் சொல்ல வைத்துத்தான் நம்பினான் என்பார்கள். ஆளைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும். எந்த வேலையிலும் அவசரப்படாதவன், ஒன்றையும் மறக்காதவன் என்று பேர் வாங்கிய மெக்கானிக். அந்தப் பேர்தான் அன்று அவனைக் கவிழ்த்தது என்று சொல்ல வேண்டும்.

வண்டியைப் பிரிக்கும்போது கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் ஊசியையும் அவன் முட்டை அட்டையில் வரிசையாகப் போடுவான். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வருவான். அட்டை காலியானால் வேலை முடிந்தது, ஒரு குழியில் ஏதாவது கிடந்தால் முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கணக்கு தவறியதே இல்லை. ஆனால் கிளட்ச் வண்டியை ஆட்டோமேட்டிக்காக மாற்றுகிற வேலை வேறு மாதிரி. அதில் பாதிச் சாமான் திரும்ப வண்டிக்குப் போவதே இல்லை. கிளட்ச் பெடலின் ஸ்பிரிங், அதைப் பிடித்த ஊசிகள், பழைய கியர் கம்பியின் நட்டுகள் என்று வேலை பறிபோன சாமான்கள் அட்டை முழுக்க உட்கார்ந்திருந்தன. அட்டை நிறைய மிச்சம் இருந்தும் அவனுக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வேறொரு காருக்கு ஆயில் மாற்றினான், நிதானமாக டீ குடித்தான், மிச்சத்தைப் பழைய டப்பாவில் கொட்டலாம் என்று அட்டையைத் தூக்கினான். மற்றதெல்லாம் துருவும் கறுப்புமாக இருந்தது. இந்தக் கிளிப் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் அந்தக் கிளிப். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற லிவரிலிருந்து ஒரு கம்பி கீழே இறங்கி, வண்டிக்கு அடியில் கியர் பெட்டியின் கையோடு, அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன நெம்புகோலோடு, சேர்கிறது. மேலே லிவரை எந்த எழுத்துக்குத் தள்ளுகிறோமோ, கீழே கியர் பெட்டி அந்த நிலைக்கு வரும். கம்பி நழுவாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கிளிப். இது இல்லாவிட்டாலும் கம்பி கொஞ்ச நேரம் அந்தக் கையின் ஊசியில் சும்மா உட்கார்ந்திருக்கும், வேலையும் செய்யும். பிறகு ஏதோ ஒரு குலுக்கலில் கழன்று தொங்கும். அப்புறம் மேலே லிவரை, சக்கரத்தைப் பூட்டி நிறுத்துகிற ‘பார்க்’கில் வைத்தால் எழுத்து மட்டும்தான் ‘பார்க்’ என்று காட்டும். கியர் பெட்டி தன் பாட்டுக்கு ஓடுகிற கியரிலேயே இருக்கும், சக்கரத்தைப் பிடிக்க ஆள் இருக்காது.

எப்போது கழற்றினோம் என்று யோசித்தான். காலையில் கம்பியின் நீளத்தை அரைச் சுற்று குறைக்கக் கழற்றியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து அக்கா வந்துவிட்டாள். ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, அவன் கேட்கும் முன்பே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி லிவரை மேலும் கீழும் தள்ளினாள்.

"இதுதானாடா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா. இடது காலுக்கு இனிமே வேலையே இல்ல. சும்மா உக்காந்து வரட்டும்."

"முப்பது வருஷம் மிதிச்சிருக்கு. ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டோம்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே அவனும் மூன்று தரம் லிவரைத் தள்ளிப் பார்த்தான். மூன்று தரமும் சரியாக விழுந்தது. மேலே நின்று பார்த்தான், கீழே குனிந்து பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் குனியாத ஒரு நாள் அது.

போன வருடம் முதுகுத் தண்டில் கட்டி எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவின் இடது கால் இடுப்புக்குக் கீழே வெறும் சுமையாகிவிட்டது. அவள் செடித் தோட்டம் வைத்திருப்பவள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் தொட்டியோடு செடி கொண்டுபோய் இறக்குவது பிழைப்பு. வண்டி இல்லாமல் அந்தப் பிழைப்பு இல்லை. ஒரு வருடமாக யாரையாவது கூப்பிட்டு, அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று கெஞ்சி, அவர்கள் வருவதற்குள் செடி வாடி, ஆள் பாதியாகிவிட்டாள். பச்சை நிறத்து அந்தப் பிக்கப் தம்பி மூணுதரத்தைவிட வயதில் மூத்தது. அதை விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று சொன்ன எல்லோரையும் முறைத்தாள். இவன்தான், பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைக் கழற்றி வந்து, நாலு மாதமாக ஒழிந்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து பொருத்தினான். அக்காவுக்குக் கால் வாங்கிக் கொடுக்கிறேன் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டான். கொஞ்சம் பெருமைதான்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது அவள் போனை எடுக்க மாட்டாள், அது நல்ல பழக்கம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அடுத்த நொடியே வேறொன்று நினைவுக்கு வந்தது.

ஹேண்ட் பிரேக்.

அந்தக் காலத்துப் பிக்கப்பில் ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான் கைக்குரியது. உண்மையில் அது ஒரு சின்னப் பெடல், மிதித்தால் கடகடவென்று போய் நிற்கும். பெடல்களுக்கெல்லாம் இடது ஓரத்தில், மேலே ஒதுங்கி இருக்கும். இடது காலால் மிதிக்க வேண்டியது. அந்த வண்டியை அதன் வாழ்நாள் முழுக்க முதல் கியரில் போட்டு நிறுத்தித்தான் பழக்கம். அந்தப் பெடலை யாரும் தொட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இடது காலுக்கு வேலையே இல்லை என்று அவன் வாய் கிழியச் சொன்னான். கிளட்ச்சை எடுத்தான், முதல் கியரில் போட்டு நிறுத்துகிற வசதியையும் அதோடு எடுத்துவிட்டான், அக்காவால் மிதிக்கவே முடியாத பெடலை அப்படியே விட்டான். இப்போது அவளையும் உருளுகிற வண்டியையும் நடுவில் பிரித்து நிற்பது அந்த ‘பார்க்’ ஒன்றுதான். அந்தப் ‘பார்க்’கின் உயிர் இவன் உள்ளங்கையில் இருந்தது.

செடித் தோட்டத்துக்குப் போன் போட்டான். தண்ணீர் ஊற்றுகிற அம்மா எடுத்தாள்.

"அக்கா பத்தரைக்கே கிளம்பிட்டாங்களேப்பா. ஆஸ்பத்திரிக்கு, லைப்ரரிக்கு, அப்புறம் அந்தப் பல் டாக்டரம்மா வீட்டுக்கு."

"எங்க முதல்ல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியுமா?"

"எதைக் கடைசியா ஏத்துனீங்க? வண்டி வாசல் ஓரமா என்ன இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

"சிமெண்ட் தொட்டிதான். டாக்டரம்மாவுக்கு. தூக்குறதுக்குள்ள ரெண்டு பேருக்கு இடுப்பு போச்சு. என்னப்பா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும். பல் டாக்டரம்மா வீடு மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தது. ஊரில் அதைவிடச் செங்குத்தான தெரு கிடையாது. மூணுதரம் பட்டறையைப் பூட்டவில்லை, கதவைச் சாத்தக்கூட இல்லை. கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டு, ஸ்கூட்டரை எடுத்தான்.

வழியெல்லாம் அவன் கண்ணுக்கு முன்னால் ஒரே காட்சிதான். அக்கா மேட்டில் வண்டியை நிறுத்துகிறாள். லிவரைப் ‘பார்க்’கில் வைத்து, எஞ்சினை அணைத்து, ஊன்றுகோலை ஊன்றி இறங்குகிறாள். மெல்ல நடந்து வண்டிக்குப் பின்னால் போகிறாள், ஏனென்றால் தொட்டிகள் பின்னால்தான் இருக்கின்றன. பின்கதவின் கொக்கியில் கை வைக்கிறாள். எஞ்சின் ஓடாத வண்டி சத்தம் போடாது. அது மெதுவாகத்தான் கிளம்பும். மற்றவர்கள் ஒரு எட்டு விலகினால் போதும், அவளுக்கு அந்த ஒரு எட்டு கிடையாது.

சிக்னலில் நின்ற இடத்திலெல்லாம் மறுபடி மறுபடி போன் போட்டான். எடுக்கவில்லை. பச்சை விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள், அவன் காதில் விழவில்லை. கடவுளே, அவள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கட்டும், அங்கே சமதரை, என்று முணுமுணுத்தான். வழியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது ஸ்கூட்டரை ஓரம் கட்டி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தான். அது வேறு பக்கம் போனது. யார் வீட்டிலோ இழவு விழுந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்துவிட்டான். பயம் மனிதனை எவ்வளவு கேவலமாக ஆக்கிவிடுகிறது.

மேட்டுத் தெரு அடிவாரத்தில் பஸ் நிறுத்தம். நிழற்குடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு பெண் மடியில் குழந்தை தூங்கியது. யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பி மேலே பார்த்தான். இருபுறமும் உயரமான சுவர்கள், நடுவில் வெறும் சிமெண்ட் பாதை, உச்சியில் மூடிய இரும்புக் கேட். கேட்டுக்கு முன்னால் பச்சைப் பிக்கப் நின்றுகொண்டிருந்தது.

நின்றுகொண்டிருந்தது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் பின்னால் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகளைக் கவனித்தான். நட்ட நடுப் பகலில், எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில், பிரேக் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

பக்கவாட்டில் ஏறி, கதவருகே ஸ்கூட்டரைச் சாய்த்தான். அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, முதுகைச் சீட்டில் அழுத்தி, நேராகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க வேர்வை. வலது கால் பிரேக் பெடலில் விறைத்து நின்றது, முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"பின்னால நிக்காத," என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரா இருந்தாலும் பின்னால நிக்காதீங்க."

"அக்கா, நான்தான்."

"நீயா? நீயும் நிக்காத."

"எவ்வளவு நேரமாக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? போன் பதினோரு தடவை அடிச்சுது. அதை வச்சுத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

போன் இருந்த கைப்பை சீட்டிலிருந்து நழுவி அந்தப் பக்கத் தரையில் கிடந்தது. எட்டிக் குனிந்தால் எடுக்கலாம், ஆனால் குனிந்தால் கால் பிரேக்கிலிருந்து எழும்பும். அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். நிறுத்தி, ‘பார்க்’ போட்டு, எஞ்சினை அணைத்து, காலை எடுத்திருக்கிறாள். வண்டி பின்னால் போயிருக்கிறது. ஒரு ஆள் நீளம் போனதும் மிதித்துவிட்டாள். அந்தக் குலுக்கலில்தான் பை விழுந்தது. ஹார்ன் அடித்தாள், உள்ளே இருந்து நாய் மட்டும் பதில் சொன்னது. கண்ணாடியில் கீழே நிழற்குடையும் ஜனங்களும் தெரிந்தார்கள். கத்தினாள், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணலாமா என்று சாவியில் கை வைத்தாள்.

"எந்தக் கியர்ல இருக்குன்னு தெரியாம சாவியைத் திருப்பாதன்னு நீதானே சொன்ன. அதான் திருப்பல. பின்கியர்ல இருந்தா?"

"நல்ல வேலை செஞ்சே. இப்படியே இரு. இப்படியே இரு, அக்கா."

"வேற எப்படி இருக்கப் போறேன்? டான்சா ஆடப் போறேன்?"

கிண்டல் வந்ததைக் கேட்டு அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கதவைத் திறந்தான். உள்ளே கையை விட்டு, இடது ஓரத்தில் இருந்த ஹேண்ட் பிரேக் பெடலை உள்ளங்கையால் முழு பலத்தோடு அமுக்கினான். கட, கட, கட என்று மூன்று பல் இறங்கியது. நாலாவது பல்லில் அடியில் எங்கோ ‘டொக்’ என்று ஒரு சத்தம், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையில் போய் விழுந்தது. எத்தனையோ வருடமாக யாரும் இழுக்காத கேபிள் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா உன் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

"நான் மிதிச்சுக்கறேன், நீ நகரு."

"எங்க மிதிப்ப? என் கால் எடுத்தாத்தான் உன் காலுக்கு இடம். எடுக்க மாட்டேன். ஒரு தடவை எடுத்துப் பாத்தாச்சு."

சுற்றிலும் பார்த்தான். ஒரு கல் இல்லை, ஒரு செங்கல் இல்லை. பணக்காரத் தெரு, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வண்டியின் பக்கவாட்டுப் பலகை மேல் ஏறி, ஒரு சிமெண்ட் தொட்டியை, இரண்டு பேர் தூக்கியதை ஒற்றை ஆளாகத் தூக்கினான். எப்படித் தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. மறுநாள் கை தூக்க முடியாதபோதுதான் தெரிந்தது. செடி முறிந்தது, மண் கொட்டியது. வண்டி லேசாக ஆடியபோது அக்கா வாய்க்குள் ஏதோ சொன்னாள், கெட்ட வார்த்தையாக இருக்கலாம். இரண்டு தொட்டிகளை இறக்கி, பக்கத்தில் இருந்தபடியே காலால் உதைத்து உதைத்துப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் தள்ளினான். ஒட்டி நிற்கவில்லை, விரலளவு இடைவெளி இருந்தது. இறக்கமான சிமெண்ட் தரையில் உருண்டை அடியுள்ள தொட்டி எவ்வளவு தாங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். தாங்காது. கொஞ்சம் தயங்க வைக்கும், அவ்வளவுதான்.

மிச்சம் ஒரே வழி. அடியில் போய், கியர் பெட்டியின் கையைத் தன் கையாலேயே ‘பார்க்’குக்குத் தள்ள வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. ‘பார்க்’ என்பது உள்ளே ஒரு கொக்கி, பல் வைத்த சக்கரத்தில் விழுவது. பள்ளத்தில் நேராக விழுந்தால் சரி. பல்லின் தலையில் போய் முட்டிக்கொண்டு நின்றால், வண்டி ஓரங்குலமாவது நகர்ந்த பிறகுதான் கொக்கி உள்ளே இறங்கும். அடியில் ஆள் படுத்திருக்கும்போது நகரக் கூடாது. ஆகவே தள்ளிவிட்டு வெளியே வந்து, அப்புறம்தான் அக்கா காலை எடுக்க வேண்டும்.

"அடியில போறேன்," என்றான். "நான் சொல்ற வரைக்கும் விடாத."

அக்கா முதல் முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"வேணாம்டா. யாரையாவது கூப்பிடு. கீழ போய் ஆளக் கூட்டிட்டு வா."

"அதுவரைக்கும் உன் கால் தாங்குமா?"

அவன் அவள் முழங்காலைப் பார்த்தான். நடுக்கம் இப்போது தொடை வரை ஏறியிருந்தது.

மல்லாந்து படுத்து, முதுகால் தேய்ந்து உள்ளே போனான். இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்கு அடியில் படுத்தே வாழ்ந்தவன், அன்றுதான் முதல்முதலாக ஒரு வண்டி எவ்வளவு கனம் என்று தெரிந்துகொண்டான். மூக்குக்கு ஒரு ஜாண் மேலே சூடான இரும்பு. அதை ஒரு பெண்ணின் ஒற்றைக் கால் பிடித்துக்கொண்டிருந்தது. கம்பி கழன்று தொங்குவது தெரிந்தது. கையை நீட்டினான், விரல் எல்லாம் வேர்வையில் வழுக்கியது. அவனுக்கு மனைவி ஞாபகம் வந்தது, காலையில் சாப்பிடாமல் வந்ததற்குக் கத்தியது ஞாபகம் வந்தது. ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. பற்களைக் கடித்துக்கொண்டு கியர் பெட்டியின் கையைப் பிடித்துத் தள்ளினான். ஒரு சொடக்கு. இன்னொன்று. மூன்றாவது சொடக்கில் கை கடைசி வரைக்கும் போகாமல் முட்டிக்கொண்டு நின்றது.

அப்போது வண்டி நகர்ந்தது.

சக்கரம் தொட்டியில் மோதியது, தொட்டி சிமெண்டில் கரகரவென்று உரசியது, இரும்பெல்லாம் அவன் முகத்துக்கு மேலே கால் பக்கமாக நழுவியது. ‘டக்’ என்று தலைக்கு மேலே கொக்கி விழுந்தது. வண்டி முன்னும் பின்னும் ஒரு முறை ஆடி நின்றது. தொட்டி சரிந்ததில் வண்டி கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், நல்ல வேளை, என்று நினைத்துக்கொண்டான். கம்பியை ஊசியில் மாட்டி, பையிலிருந்து கிளிப்பை எடுத்து அமுக்கினான். சொடுக்கென்று உட்கார்ந்தது. எப்படி வெளியே வந்தான் என்பது அவனுக்கு நினைவில்லை.

"எடு, அக்கா. காலை எடு."

"முடியல."

"பிடிச்சாச்சு, பயப்படாம எடு."

"பயமில்லடா. கால் எங்க இருக்குன்னே தெரியல."

அவன் குனிந்து, அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, செருப்போடு பெடலிலிருந்து தூக்கினான். பிரேக் விளக்கு அணைந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். வண்டி நின்றது. அக்காவின் கால் அவன் கையில் தரையில் போட்ட மீன் மாதிரி துள்ளியது. அதை மடியில் வைத்து, கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கேட் திறந்தது. பல் டாக்டரம்மா வாசிக்கிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, உடைந்த செடியையும் கொட்டிக்கிடந்த மண்ணையும் பார்த்தாள்.

"ஏம்மா, இவ்வளவு நேரம் வெளியவேவா நின்னீங்க? நான் பின்பக்கம் இருந்தேன். பெல் அடிச்சிருக்கலாமே."

பெல் கேட்டுத் தூணில் இருந்தது. வண்டியிலிருந்து ஆறு எட்டு. கல் தேடி அலைந்த அவன் கண்ணிலும் அது படவே இல்லை.

அக்கா அந்தப் பெல்லைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. டாக்டரம்மா பதறித் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

"நான்தான்க்கா," என்றான் மூணுதரம். தலை நிமிரவில்லை. "கிளிப்பை மாட்டாம விட்டுட்டேன். அட்டையில கிடந்துச்சு."

"தெரியும். வண்டி தானாவா கழட்டிக்கும்?"

"அந்த ஹேண்ட் பிரேக்கும். அது இடது கால் பெடல். எனக்குத் தோணவே இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தோணுச்சு. காலையில ஏறி உக்காந்ததுமே பாத்தேன். சொன்னா இன்னும் ஒரு வாரம்னு சொல்லுவ. ஒரு வருஷமா ஒவ்வொருத்தர் வாசல்லயும் நின்னேன், இன்னும் ஒரு வாரமான்னு வாயை மூடிக்கிட்டேன். அதான் லிவரைப் பிடிச்சு ஆட்டி, உன்னைச் சிரிக்க வச்சேன். நீ கீழ குனியாம போனது அதனாலதான்."

அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றாள் அக்கா. குரல் தாழ்ந்தது. "நீ அடியில இருந்தப்ப வண்டி நகந்துச்சே. தொட்டி சரிஞ்சு நகரல. என் கால் வழுக்கிடுச்சு. மறுபடி மிதிக்கப் பாத்தேன், கால் கேக்கல. உன்னைக் கூப்பிடக்கூட வாய் வரல. கண்ண மூடிக்கிட்டேன்டா. என் தம்பிய நானே கொன்னுட்டேன்னு நினைச்சேன்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அடியில் இருந்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் இப்போது வந்தது. வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தக் கொக்கி அந்த ஓரங்குலத்தில் விழாமல் இருந்திருந்தால் என்று ஒரு தரம் நினைத்தான், இரண்டாம் தரம் நினைத்தான், மூன்றாம் தரம் நினைக்கப் பயந்து நிறுத்திக்கொண்டான்.

"இதை வித்துடலாம்க்கா," என்றான். "உடைக்கப் போட்டுடலாம். இனிமே உன்ன இதுல ஏத்த மாட்டேன். நானே வந்து ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டு விடறேன். தினம் வரேன்."

"தினம் வருவியா?"

"வரேன்."

"உன் பட்டறை?"

டாக்டரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா பாதி குடித்து, மீதியை அவனிடம் நீட்டினாள். அவன் குடிக்கும்போது டம்ளர் பல்லில் பட்டு ஒலித்தது.

"புதுக் கேபிள் போடு. அந்தப் பெடலை எடுத்துட்டு கையால இழுக்கற மாதிரி ஒண்ணு வை," என்றாள். "எத்தனை வாரம் ஆனாலும் சரி. அதுவரைக்கும் வாசல் வாசலா நிக்கறேன். அப்புறம் நான்தான் ஓட்டுவேன்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லன்னு யார் சொன்னா? இப்ப இந்தச் சீட்டுல உக்காந்திருக்கறதே பயமாத்தான் இருக்கு." அக்கா தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, கதவுக்கு வெளியே எடுத்து வைத்தாள். "பயந்துக்கிட்டே ஓட்ட என்னால முடியும்டா. நடக்கத்தான் முடியாது."